சணல் பூத்த வயலிலே

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்பவர்கள் கோப்பாயைக் கடந்ததும் செம்மண் தோட்டங்களையும், நீர்வேலியை அடைந்ததும் வாழைத் தோட்டங்களையும் கண்டு களிப்பர். வீதியை விட்டுக் கிழக்கு நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில் இறங்குவோர் சிலரே. சிறிது தூரம் சென்றதும் மண்ணின் நிறம் மாறுகின்றது. வேலிகள் மறைகின்றன. உப்பாற்றுக் கடனீரேரியை நோக்கி வயல்வெளி விரிகின்றது. பங்குனி மாதத்தில் ஒரு நாட் காலை அவ்வழியே சைக்கிளிற் சென்ற நான் வரம்பொன்றில் அப்படியே நின்றுவிட்டேன். நெல் அறுத்த வயலெங்கும் மஞ்சட் பூ. நிலத்தில் எஞ்சிய ஈரத்தை நம்பி விதைத்த சணல் ஆளுயரம் வளர்ந்து பூத்திருந்தது.

எனக்கு முன்னரே அங்கே ஒரு கூட்டம் வந்திருந்தது. புதுமணத் தம்பதிகளைப் பயிரின் நடுவே நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். மணமகளின் சேலை நுனியைத் தூக்கிப் பிடிக்க ஒரு சிறுமி. வயலுக்குரிய முதியவர் மதகின்மேல் அமர்ந்து பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "வடிவாய்த்தானே இருக்குது, ஐயா" என்றேன். "வடிவுதான், மாஸ்ரர். ஆனால் பூவைப் பாத்துக்கொண்டு நிண்டால் உழவு பிந்திப் போகும். நாளைக்கு உழுது தாழ்க்கப் போறன்" என்றார்.

எனக்குச் சிறிது துக்கமாகவே இருந்தது. ஆனால், தாழ்ப்பதற்காகவே அதனை விதைத்திருக்கிறார். பூக்கத் தொடங்கும் பருவத்திலே தண்டு இளசாயிருக்கும். மண்ணுக்குள் விரைவில் உக்கிவிடும். பிந்தினால் நார் முற்றும், உக்கவும் நாட்செல்லும்.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினார். வெண்சிவப்பான சிறு முடிச்சுக்கள் கோத்தாற்போல் இருந்தன. அவரை, பயறு முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்தது சணல். வேர் முடிச்சுக்களில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உணவாக்கிக் கொடுக்கின்றன. நன்றாக விளைந்த சணலை இரண்டு மாதத்தில் உழுது தாழ்த்தால், ஒரு எக்டேயர் நிலத்தில் 100 கிலோகிராமுக்கு மேலும் நைதரசன் சேரும். அவ்வளவை யூரியாவாகக் கொடுப்பதாயின் 50 கிலோ மூடை நான்குக்கு மேல் வேண்டும். மேலும், பயிர்களின் வேரைத் தாக்கி வீங்கச் செய்யும் நுண்புழுக்களும் சணல் நின்ற மண்ணிற் குறைந்துவிடுகின்றன.

பெயரைப் பற்றிய மயக்கம் ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' என்ற சொல் கஞ்சாச் செடியின் நாரினத்துக்கே முதலில் உரியது. பின்னர் நார் தரும் செடிகள் பலவற்றுக்கும் அச்சொல்லை ஒட்டிவிட்டனர். 'மணிலா ஹெம்ப்' வாழையினம். நமது சணல் 'சண் ஹெம்ப்'. அதற்கும் கஞ்சாவுக்கும் யாதோர் உறவுமில்லை. 'சண்' என்பதும் வடமொழிச் 'சண' என்பதன் திரிபேயாகும். க்ஷத்திரியருக்குரிய பூணூல் சண நூலினால் ஆக்கப்படவேண்டுமென மனுநூல் விதிக்கின்றது. கடைகளிற் காணும் சணற் சாக்கோ உண்மையிற் பெரும்பாலும் வங்காளத்துச் சணலினால் ஆனது; அது வேறொரு செடி. இவ்வளவையும் நான் விரித்துரைக்க, முதியவர் "எங்களுக்கு இதுதான் சணல்" என்று முடித்துவிட்டார்.

நாருக்காக வளர்ப்பதாயின் தண்டை அறுத்து, நீரிற் சில நாள் ஊறவைத்து, பட்டையை உரித்து அலசி உலர்த்துவர். கயிறு, கித்தான், மீன்வலை, சிகரட் சுற்றும் மெல்லிய தாள் ஆகியன அந்நாரினால் ஆகும். பிரித்தானியக் கடற்படையின் பாய்க்கப்பல்கள் உருசிய நாட்டு நாரை நம்பியிருந்த காலத்தில், அது கிடையாமற் போய்விடுமோ என்று அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பனியார் வங்காளத்துச் சணலில் நாட்டங்கொண்டனர். கல்கத்தாப் பூங்காவின் தலைவராயிருந்த வில்லியம் ரொக்ஸ்பரோ அந்நாரின் வலிமையைச் சோதித்துப் பார்த்தார். எங்கள் வயல்களில் அதன் பெரும்பயன் பசளையும் மாட்டுத் தீனுமே.

திரும்பும் வழியிலே புத்தூருக்கு அண்மையிலுள்ள நவக்கிரிக்குச் சென்று நிலாவரைக் கிணற்றைப் பார்த்தேன். இராமபிரான் அம்பெய்து தோற்றுவித்தது என்பது ஊர்க்கதை. மேலே நன்னீர்; ஆழத்தில் உவர்நீர். சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் தங்கி, கடல்நீரின்மேல் மிதப்பதே அதன் இரகசியம். குடாநாடு நெடுங்காலமாகக் குடித்துவந்தது அத்தகைய மிதக்கும் நீரைத்தான். நிலத்தின்மேல் இட்ட எதுவும் மழையோடு கல்லின் வெடிப்புக்களால் இறங்கிக் கிணற்றைச் சேர்ந்துவிடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாதென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். கைக்குழந்தைகளுக்கு அது பேரிடர். உரம் மட்டுமன்று, மலக்குழிகளும் காரணமே. பழியை முழுவதும் கமக்காரர் தலையிற் போடுதல் நீதியாகாது.

நம் பாட்டனார் காலத்தில் வன்னியிலிருந்து வண்டி வண்டியாய்க் குழை வந்தது. வேலியிற் பழுத்த பனையோலையும் தோட்டத்துக்கே தாழ்க்கப்பட்டது. யூரியா வந்தபின் அவ்வழக்கம் சுருங்கிவிட்டது. பின்னர் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரேயடியாய்த் தடுக்கப்பட்டு, நவம்பரிலே அத்தடை நீக்கப்பட்டது. அவ்வாண்டைப் பற்றி முதியவரிடம் கேட்டிருந்தேன். "சணல் விதைக்கு ஊரூராய் அலைஞ்சம், மாஸ்ரர். மண்ணைப் பழக்க மூண்டு நாலு வரியம் வேணும். கடதாசியிலை எழுதினவுடனை மண் கேக்குமோ?" என்றார். அவர் யூரியாவை அறவே கைவிட்டவரல்லர். சணல் தாழ்த்த வயலுக்கு அரைப்பங்கு போதுமென்பது அவர் கணக்கு. மகனுக்கு அக்கணக்கில் நம்பிக்கையில்லையாம். இரண்டு பரப்பில் தனியே யூரியா இட்டுப் பார்க்கப் போவதாகத் தந்தையோடு வாதாடிக்கொண்டிருக்கிறான்.

மறுநாட் காலையில் மீண்டும் சென்றேன். உழவியந்திரம் பாதி வயலை முடித்திருந்தது. புரண்ட மண்ணில் மஞ்சள் இதழ்கள் ஆங்காங்கே தெரிந்தன. கொக்குகள் பின்னாலே நடந்தன. வடக்கு மூலையில் ஒரு பரப்பை மாத்திரம் உழாமல் விதைக்கு விட்டிருந்தார். காய் முற்றினால் உள்ளே விதை குலுங்கி ஒலிக்கும். அவ்வினத்துக்குக் கிலுகிலுப்பை என்ற பெயர் வந்ததும் அதனாலேதான். "சத்தம் கேக்கிற நேரம் வாங்கோ, ஒரு சுண்டு விதை தாறன்" என்றார். என் வீட்டு வளவிலே வாழை நின்ற இடமொன்று வெறுமையாய்க் கிடக்கின்றது.