எல்லாம் நார்மல்

என் மனைவியின் ரிப்போர்ட் ஒன்றை அவளிடம் காட்டாமல் மறைத்தேன். கேட்டபோது பொய்யும் சொன்னேன்.

மூன்றாம் மாதம் மல்லேஸ்வரம் பக்கம் ஒரு சென்டரில் என்.டி. ஸ்கேன். 11 வாரம் முடிந்து 14 நிறைவதற்குள், கரு 45 முதல் 84 மில்லிமீட்டர் நீளம் இருக்கும்போது, பிடரித் தோலுக்கடியில் தேங்கும் நீரின் தடிமனை அளப்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் லண்டனில் நிக்கொலெய்ட்ஸ் குழுவினர் நிலைநாட்டிய முறை. அதோடு ரத்தத்திலுள்ள இரண்டு பொருள்களையும் தாயின் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை பிடிபடும். ஆனால் கிடைப்பது வெறும் வாய்ப்புக் கணக்குதான். அம்மாவோ, ‘என்ன குழந்தைன்னு சாடையா சொன்னாங்களாடா?’ என்று மட்டும் கேட்டாள். அதைக் கேட்கமாட்டோம் என்றுதான் அங்கே ஃபார்மில் கையெழுத்தே வாங்கியிருந்தார்கள்.

ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. ஸ்ரீராம்புரம் மெட்ரோ படியில் நின்று திறந்தேன். டிரைசோமி 21, அதாவது டவுன் சிண்ட்ரோம்: 1:180, ஹை ரிஸ்க். 179 பேருக்கு ஒன்றுமில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். என் கண்ணில் அந்த ஒன்றுதான் பட்டது.

‘‘ரிப்போர்ட் வந்துச்சாங்க?’’

‘‘வந்துச்சு. எல்லாம் நார்மல்.’’

டாக்டரிடமும் அதையே சொல்லி, தாளை வீட்டில் மறந்துவிட்டதாகச் சமாளித்தேன்.

பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும். கரு கலைந்துவிடுமே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அந்த ஆபத்து உண்டு, மிகச் சிறியது. என் பயம் வேறு. ‘நீங்க என்ன சொல்றீங்க?’ என்று அவள் கேட்பாள். என் வாயில் ‘வேண்டாம்’ என்று வரும். அதை அவள் காதால் கேட்கக் கூடாது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இதுபோன்ற காரணங்களுக்குக் கருக்கலைப்புச் சட்டம் 24 வாரம் வரை இடம் தருகிறது. அதுவும் கடக்கட்டும் என்று நாளைத் தள்ளினேன். அவள் எடுத்திருக்க வேண்டிய முடிவை இப்படித்தான் தின்று தீர்த்தேன்.

மகள் பிறந்தாள். டவுன் சிண்ட்ரோம் இல்லை. நான் தப்பித்தேன் என்றே நினைத்தேன்.

பின்னால் ஒருநாள் தடுப்பூசி அட்டையின் படத்தைத் தேடியவள் என் பழைய போனில் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டாள். ‘‘பாப்பா நல்லாத்தானே இருக்கா?’’ என்றேன், கூசாமல்.

‘‘அது உங்க சாமர்த்தியமா?’’

இப்போது தைராய்டு டெஸ்டுக்குக்கூடத் தன் நம்பரைத்தான் கொடுக்கிறாள்.