நைனாவின் யெஸ்டியும் கராஜில் நிற்கும் பனிவண்டியும்

மே மாசம் வந்தாச்சு. சட்பரியில் ஏரிப் பனியெல்லாம் கரைஞ்சு, தெருவில் எல்லாரும் புல் வெட்டுற மெஷினை வெளியே எடுத்துட்டாங்க. நான் மட்டும் கராஜுக்குள்ளே ஸ்னோமொபைலைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கேன். "டிசம்பர் வரைக்கும் ஓடப் போறதில்ல, இப்ப எதுக்கு இந்த எண்ணெய்க் குளியல்?"னு தங்கமணி கேட்டாங்க. நியாயமான கேள்விதான். பதில் சொல்லணும்னா கோலார் தங்கவயல் வரைக்கும் கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்குங்க.

பார்க்காதவங்களுக்கு: முன்னாடி ரெண்டு சறுக்குக் கட்டை, பின்னாடி டாங்கி மாதிரி ரப்பர் பட்டை, நடுவுல ஒரு பைக் இன்ஜின். அவ்வளவுதான் ஸ்னோமொபைல். என்னுது பழசு; டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், ஃபேன் காத்துல சூடு தணியுற வகை. இந்த வண்டி ஓடிக் கெடுறதை விட நின்னு கெடுறதுதான் அதிகம். கார்புரேட்டர்ல தங்கின பெட்ரோல் பிசினா மாறும். ஈரம் படிஞ்சு சிலிண்டர் துருப்பிடிக்கும். சைலன்சருக்குள்ள எலி குடும்பம் நடத்தும் (நிஜமாத்தான், ஒரு வருஷம் பிரசவமே நடந்துச்சு). அதனால டேங்க்ல பெட்ரோல் கெடாம இருக்க மருந்து கலந்து கொஞ்ச நேரம் ஓட்டி, பிளக்கைக் கழட்டி உள்ளே எண்ணெய் தெளிச்சு, டிரைவ் பெல்ட்டைக் கழட்டி, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சைலன்சர் வாயில இரும்பு நாரை அடைச்சு வைக்கணும்.

இந்த வருஷம் அதுக்கு முன்னாடி கம்ப்ரெஷன் பார்த்தேன். ஒரு சிலிண்டர்ல 120, இன்னொண்ணுல 95. பிரிச்சா, ரிங் தேஞ்சு போயிருக்கு. ஆக புது பிஸ்டன், புது ரிங். கூடவே புது பெல்ட்டும் வாங்கினேன். என் பையனுக்கு ஒரே குஷி. "முதல் பனி விழுந்ததும் ஏரி மேல ஃபுல் த்ராட்டில்ல போலாம்பா!"

எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

நைனா சாம்பியன் ரீஃப்ல வைண்டிங் இன்ஜின் ஃபிட்டர். 3 கி.மீ.க்கும் மேல ஆழம் போற சுரங்கம் அது. ஆளை இறக்குற கேஜுக்குப் புது ரோப் மாத்தினா, முதல்ல காலி கேஜை மெதுவா இறக்கி ஏத்துவாங்களாம், அப்புறம் கொஞ்சமா பாரம், அதுக்கப்புறம்தான் மனுஷன். "புதுசு தன்னோட இடத்தைத் தானே தேடி உக்காரணும்டா, நாம அவசரப்படுத்தக் கூடாது" என்பார். வீட்டில் இருந்த யெஸ்டிக்கும் அதே சட்டம். மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனி வண்டி. 2001 ஜனவரியில் ரீபோர் பண்ணி, புது பிஸ்டன் போட்டார். 500 கி.மீ. வரைக்கும் 40-க்கு மேல போகக் கூடாது, பெட்ரோல்ல ஆயில் கொஞ்சம் கூடுதலா ஊத்தணும்.

28 பிப்ரவரி 2001-ல் சுரங்கத்தை மூடினாங்க. 120 வருஷமா ஓடின ஊர் நின்னு போச்சு. ரெண்டு வாரம் கழிச்சு எனக்கு பெங்களூர்ல இன்டர்வியூ. மாரிகுப்பம் ட்ரெயினைக் கோட்டை விட்டேன். பங்காரப்பேட்டை போனா வேற ட்ரெயின் பிடிக்கலாம்னு யெஸ்டியை எடுத்துக்கிட்டு முறுக்கினேன். ஸ்பீடாமீட்டர் முள் 80-ஐத் தொட்டுச்சு. ஓர் இறக்கத்துல ஆக்ஸிலேட்டரை விட்டேன், பின் சக்கரம் கிறீச்சுன்னு அப்படியே நின்னுச்சு.

அலுமினிய பிஸ்டன் சூட்டுல இரும்பு சிலிண்டரை விட சுமார் ரெண்டு மடங்கு விரியும். தேஞ்சு பழகாத புதுசுக்கு இடைவெளி கம்மி. போதாததுக்கு டூ ஸ்ட்ரோக்ல எண்ணெய் பெட்ரோலோடதான் வருது. வேகத்துல ஆக்ஸிலேட்டரை மூடினா எண்ணெயும் நிக்கும். இதெல்லாம் பின்னாடி படிச்சது. அன்னிக்குத் தெரிஞ்சது வண்டி செத்துப் போச்சுங்கறது மட்டும்தான்.

எங்க லைன்காரர் ஒருத்தர் சைக்கிள்ல போய்ச் சொல்ல, நைனா வந்தார். கிளட்சைப் பிடிச்சுத் தள்ளிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, "நீ போ, நேரமாச்சு" என்றார். பஸ் ஜன்னல் வழியா திரும்பிப் பார்த்தேன். சம்பளம் நின்னு போன மனுஷன், வெயில்ல வண்டியைத் தள்ளிக்கிட்டு ஊர்ப் பக்கம் நடக்கிறார்.

திரும்ப ரீபோர் பண்ண நாலு மாசம் ஆச்சு, காசு சேரணுமே. அந்த நாலு மாசமும் வாரத்துக்கு ஒருநாள் பிளக்கைக் கழட்டி எண்ணெய் விட்டு, கிக்கரைக் கையால மெல்ல அமுக்கி அசைச்சு வெச்சாராம். அம்மா ஃபோன்ல சொன்னாங்க. "ஓடாத வண்டிக்கு எதுக்கு எண்ணெய்னு கேட்டா, அங்க வைண்டருக்கு ஊத்த விடல, இதுக்காவது ஊத்தறேன்னு சொல்றாருடா."

சரி, கராஜுக்கு வருவோம். புது பெல்ட்டை சோப்புத் தண்ணியில கழுவிக் காய வெச்சாச்சு; பனி வந்ததும் முதல் 50 கி.மீ. அதையும் அடக்கித்தான் ஓட்டணும். நேத்து இன்ஜினை மூட்டி, பையனை ஆக்ஸிலேட்டர் பக்கம் விடாம மிதமா சூடேத்தி அணைச்சேன். முழுசா ஆறணும், திரும்ப சூடேத்தணும். இப்படி மூணு தடவை. அப்புறம்தான் எண்ணெய் தெளிச்சுப் போர்த்தறது. பையன் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தான். யெஸ்டி கதையைச் சொன்னேன்.

"தாத்தா உங்களைத் திட்டவே இல்லையா?"

"இல்லடா."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம் சிலிண்டர் மேல கையை வெச்சுப் பார்த்து, "இன்னும் சூடா இருக்குப்பா, பத்து நிமிஷம் போகட்டும்" என்றான்.