சிரிப்புக்கு ஒரு பாத்திரம்

போன வருஷம் ராசிபுரத்தில் ஓர் இலக்கியக் கூட்டம். பேச்செல்லாம் முடிந்த பிறகு வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். வழக்கமான கேள்விகள்தான் வந்தன. காலையில் எழுதுவீர்களா ராத்திரியிலா, அந்தக் கதாநாயகி நிஜமாகவே எங்கேயாவது இருக்கிறாளா என்ற மாதிரி. கடைசியாக ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். "நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு பாத்திரத்தை அழித்துவிடலாம் என்றால் எதை அழிப்பீர்கள்?" என்று கேட்டாள். நான் வேடிக்கையாக என்னவோ சொல்லிச் சமாளித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் இதைப் படிப்பாளோ என்னவோ, பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

2005-ஆம் வருஷம் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு தையற்காரர் வருவார். கழுத்தில் டேப்பும் காதில் சாக்குக்கட்டியுமாக இடுப்பை வளைத்து நடப்பார். வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவார். வாட்டசாட்டமான இளவட்டம் யாராவது சட்டைக்கு அளவு கொடுக்க வந்துவிட்டால் சுற்றிய டேப்பை எடுக்கவே மாட்டார். கதைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அழுகை அதிகமாகிவிட்ட வாரங்களில், இலையில் ஊறுகாய் வைப்பதுபோல் அவரைக் கொண்டுவந்து வைப்பேன். பத்திரிகை ஆபீஸிலிருந்து போன் வந்தது. "தையற்காரருக்குக் கடிதம் நிறைய வருகிறது, இன்னும் நாலு வாரம் இழுங்கள்" என்றார்கள். இழுத்தேன். எங்கள் நாமகிரிப்பேட்டை டீக்கடையில் பையன்கள் அவர் மாதிரியே பேசிக் காட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அப்படி ஒரு மனிதரை நான் எங்கே பார்த்தேன்? எங்கேயும் பார்க்கவில்லை. சினிமாவில் பார்த்ததுதான். ராசிபுரத்தில் இரண்டு வருஷம் கல்லூரிக்குப் போய்ப் படிப்பை முடிக்காமல் வந்தவன் நான். அந்த இரண்டு வருஷத்தில் ஹாஸ்டல் பேச்சில் கேட்டதும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். என் தொடர் முடிந்த மறு வருஷம், 2006-ல், 'வேட்டையாடு விளையாடு' என்ற படம் வந்தது. அதில் கொலைகாரர்கள் இருவரையும் 'அந்த மாதிரி' என்று சாடையாகக் காட்டியிருந்தார்கள். ஆக நம்மிடம் இருந்தது இரண்டே அச்சு. ஒன்று சிரிப்பதற்கு, மற்றது பயப்படுவதற்கு. நான் எடுத்தது சிரிப்பு அச்சு. கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978-லேயே வந்துவிட்ட நாவல். ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள உறவு அதில் சிரிப்புக்காக வரவில்லை. அதை நான் படித்தும் இருந்தேன். படித்தது ஒரு பக்கம், எழுதியது ஒரு பக்கம் என்று போனது என்னுடைய லட்சணம்.

இனி என் சிநேகிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரை வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விதமாகத் தெரியும். பாட்டுத் தெரிந்தவர்கள் நாதஸ்வரம் கிருஷ்ணன் ஊரா என்பார்கள்; வியாபாரிகள் மஞ்சள் ஊரா என்பார்கள். விரலி, உருண்டை, பனங்காலி என்று மூட்டை மூட்டையாக ஏலத்துக்கு வந்து குவியும். ஏல நாளில் ஆள் போதாவிட்டால் என் சிநேகிதன் கணக்குப் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு மூட்டைக்குத் தோள் கொடுப்பான். பள்ளிக்கூடத்தில் கபடிக் கோஷ்டியில் அவன் முதல் ஆள். சாயங்காலம் மண்டியிலிருந்து வரும்போது கைரேகையெல்லாம் மஞ்சளாக இருக்கும். நான் எழுதுகிற எதையும் முதலில் படிக்கிறவன் அவன்தான். அவன் சரி என்ற பிறகுதான் தபாலில் சேர்ப்பேன்.

தையற்காரர் வந்த அத்தியாயத்தையும் கொடுத்தேன். படித்துவிட்டு, "நல்லாச் சிரிக்க வெச்சிருக்கறேடா" என்று காகிதங்களை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். அடுத்த வாரம் மண்டியில் வேலை அதிகம் என்றான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிறகு நான் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். எனக்குப் பேர் வந்துவிட்டதில் அவனுக்கு ஏதோ மனக்குறை என்று முடிவு கட்டினேன். எழுத்தாளனுக்கு மனித மனம் தெரியும் என்று ஊரில் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அதை நான் இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

2008-ல் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். மூன்று இடம் பார்த்து மூன்றையும் தட்டிக் கழித்தான். அப்புறம் கொஞ்ச நாளில் அவனுக்கு நரம்புத் தளர்ச்சி என்று கேள்விப்பட்டேன். பெரிய ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறான் என்றார்கள். கணக்குப் புஸ்தகத்தின் மேலேயே தலை சாய்த்துத் தூங்குவான். கபடி ஆடிய உடம்பு ஆறே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது. நான் போய்ப் பார்த்து, வேளாவேளைக்குச் சாப்பிடு, காலையில் நட என்றெல்லாம் புத்தி சொல்லிவிட்டு வந்தேன்.

2009 ஜூலை 3-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. ஏலம் இல்லாத நாள். மண்டி வெறிச்சென்று கிடந்தது. ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னான். மூட்டை அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான், கையில் தினசரி.

"பேப்பர் பாத்தியாடா?"

பார்த்திருந்தேன். வயது வந்த இரண்டு பேர் மனமொத்துத் தனிமையில் இருப்பது குற்றமாகாது என்று முந்தின நாள் டில்லி ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்லியிருந்தது. "என்னமோ போட்டிருக்கான், கலிகாலம்" என்றேன். அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு சொன்னான். சுற்றி வளைக்காமல் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

எனக்கு வாயில் வந்தது இதுதான்: "உன்னைப் பாத்தா அப்படித் தெரியலியேடா!"

"எப்படித் தெரியோணும்? உன்ற தையக்காரனாட்டமா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவனே தொடர்ந்தான். "அத்தைப் படிச்சப்போ நெனைச்சேன். இதுதான் அதுன்னா நான் அது இல்லை. அப்ப நான் என்னடா? மூணு வருஷம் அதே ரோசனைதான். போன வருஷம் அம்மாகிட்டச் சொல்லிப் போட்டேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'நீ என்ன அந்தத் தொடர்கதைத் தையக்காரனாட்டமா இருக்கறே? உனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லை சாமி. இது நரம்புக் கோளாறு, டாக்டருகிட்டப் போலாம்' அப்படின்னுச்சு."

அந்த அம்மாள் பத்திரிகை வாங்கியதே எனக்காகத்தான். தன் மகனோடு வளர்ந்த பிள்ளை எழுதுகிறான் என்று வாராவாரம் காசு கொடுத்து வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்தார். உலகத்தில் இப்படியும் மனிதர்கள் உண்டு என்று அவருக்குத் தெரிந்ததே என் கதையைப் பார்த்துத்தான். அதை வைத்துத்தான் சொந்த மகனை அளந்து பார்த்தார். அளவு சரியாக வரவில்லை, ஆகவே வியாதி. டாக்டரும் அதையே சொன்னாராம். கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும், அதுவரை இந்த மாத்திரை என்று. உலக சுகாதார நிறுவனம் இதை வியாதிப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-ல். அதற்குப் பதினெட்டு வருஷம் கழித்து என் சிநேகிதன் மாத்திரை தின்று கணக்குப் புஸ்தகத்தின் மேல் தூங்கிக்கொண்டிருந்தான்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு இதை ஆயுள் தண்டனை வரை கொடுக்கக்கூடிய குற்றமாக வைத்தது. இங்கிலாந்தில் அவர்கள் 1967-லேயே தங்கள் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டார்கள். நாம்தான் அவர்கள் விட்டுப்போனதைப் பத்திரமாக வைத்திருந்தோம். டில்லித் தீர்ப்பை 2013 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. பிறகு 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி அதே சுப்ரீம் கோர்ட், ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, இது குற்றமில்லை என்று முடிவாகச் சொன்னது.

2013 தீர்ப்பில் ஒரு கணக்கு வருகிறது. நூற்றைம்பது வருஷத்தில் இந்தப் பிரிவின் கீழ் வழக்குக்கு உள்ளானவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. இவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதி என்பது அதன் வாதம். தீர்ப்புச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனால் இந்தக் கணக்கு மட்டும் என்னைப் படுத்திவிட்டது. என் சிநேகிதன் அந்த இருநூறில் சேர்த்தி இல்லை. அவன் வீட்டு வாசலுக்கு ஒரு போலீஸ்காரரும் வந்ததில்லை. அவனைப் படுத்தியவர்கள் பெற்றவளும், ஒரு டாக்டரும், கூடப் படித்த நானும்தான். மூன்று பேரும் அவன் நன்மையைக் கருதியே செய்தோம். இதையெல்லாம் எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

அன்று மண்டியில் நான் இன்னொரு தப்பும் செய்தேன். அவனைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "நீ மூட்டை தூக்கறவன்டா, உன்னைப் போய் யாரு அந்தத் தையக்காரனோட சேர்த்துப் பேசுவாங்க?" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்படி நடந்தா மட்டும் என்னடா? நடக்கறவனைப் பாத்துச் சிரிக்கலாமா?" என்றான்.

எங்கள் ஊரில் நிஜமாகவே ஒரு தையற்காரர் இருந்தார். மனைவி, இரண்டு குழந்தைகள். குரல் மென்மை, நடையும் கொஞ்சம் மென்மை. ரவிக்கை தைப்பதில் அவருக்கு நிகரில்லை என்று பெண்கள் சொல்வார்கள். சத்தியமாக நான் அவரை நினைத்து எழுதவில்லை. ஆனால் டீக்கடைப் பையன்களுக்கு அது எப்படித் தெரியும்? என் பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவருடைய மகனைப் பள்ளிக்கூடத்தில் அதே பெயரால் கூப்பிட்டார்களாம். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்கு எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்கக்கூட இல்லை. இதை எழுதும்போதுதான் அந்த வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

2010-ல் என் சிநேகிதன் மாத்திரையை விட்டான், ஊரையும் விட்டான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதப் போனான். இப்போதும் அங்கேதான். ஒன்பது வருஷமாக அவனும் இன்னொருவரும் ஒரே வீட்டில் குடித்தனம். வீட்டுக்காரரிடம் அண்ணன் தம்பி என்று சொல்லியிருக்கிறார்கள். ஜாடை ஒட்டவில்லையே என்று வீட்டுக்காரரின் மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். 2023-ல் கல்யாண உரிமை கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன அன்று போன் செய்தேன். "நாங்க எங்கடா சத்திரம் பாத்தோம்?" என்று சிரித்தான். 2025 மே மாதம் சென்னை ஹைகோர்ட் ஒரு தீர்ப்பில், குடும்பம் உண்டாவதற்குக் கல்யாணம் ஒன்றே வழியல்ல, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறானாம். எங்கே என்று கேட்டேன். அரிசி டப்பாவில் என்றான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2021-ல் வந்த ஒன்று. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் ஒருவரையொருவர் விட்டுப் பிரியமாட்டோம் என்று சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றவர்கள் காணவில்லை என்று போலீசில் எழுதிக்கொடுக்க, பெண்கள் பாதுகாப்புக் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயத்தில் தமக்குப் போதிய அறிவில்லை என்று அவர் பகிரங்கமாக எழுதினார். பெண்களையும் பெற்றோரையும் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அதோடு நிற்காமல், தாமும் அந்த ஆலோசகரிடம் போய் மாணவனைப்போல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். அதன் பிறகுதான், ஜூன் 7-ஆம் தேதி, உத்தரவு போட்டார். இவர்களை 'குணப்படுத்துகிறேன்' என்று எவரும் வைத்தியம் செய்யக்கூடாது என்பதும் அதில் ஒன்று. மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிப்பட்ட வைத்தியத்தைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. இவர்களைத் தொல்லை செய்யக்கூடாது என்று தமிழ்நாட்டுப் போலீஸ் நடத்தை விதிகளிலும் ஏறியது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றை அரசாங்கமே அரசிதழில் வெளியிட்டது. அதுவும் சின்ன விஷயமில்லை. எங்கள் ஊரில் இதற்கு வழங்கிய சொற்கள் அத்தனையும் வசவுதான். அன்றைக்கு மூட்டை மேல் உட்கார்ந்து என் சிநேகிதன் தன்னைப் பற்றிச் சொன்ன நாலு வாக்கியத்திலும் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது. அந்தச் சொல்லை மட்டும் அவன் சொல்லவில்லை. சொல்ல ஏது?

எத்தனையோ சட்டம் படித்த ஒரு நீதிபதி, எனக்குத் தெரியாது என்று எழுதிவிட்டார். நான் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தெரிந்தவன் மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த நாவல் மறுபதிப்பு வருகிறது. புரூப் வந்து மேஜைமேல் கிடக்கிறது. தையற்காரர் வருகிற பக்கங்களை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு, திருப்பூருக்குப் போன் செய்து சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"ஏண்டா அடிச்சே? இருந்துட்டுப் போறான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு கேக்கறேன். ராத்திரி கடையைச் சாத்திப்போட்டு அவன் எங்கே போறான்? வீட்ல யாரு இருக்கறாங்க?" என்று கேட்டான்.

புத்தகம் முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். எங்கேயும் எழுதவில்லை. அவருக்கு வீடே வைக்கவில்லை. பதிப்பகத்தாரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கிறேன்.