தலைமன்னார்ப் பாதை

தேயிலைத் தோட்டத்து இளைஞன் மோட்டார் சைக்கிள் வாங்குவதைப் பற்றி நம் பெரியவர்கள் நல்ல அபிப்பிராயம் கொள்வதில்லை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை இரும்பில் போடுகிறான் என்பது அவர்களுடைய குறை. தவணை தவறினால் வண்டி போகும், வண்டி போனால் மானம் போகும் என்றும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாகக் கூடை சுமந்து மலையேறி இறங்கிய குடும்பத்தில் ஒருவன், துரையிடமும் கங்காணியிடமும் உத்தரவு கேளாமல், தான் நினைத்த திசைக்குத் தான் நினைத்த நேரத்தில் புறப்படுகிறான் என்பதன் பொருளை அவர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் நான்கு பேர், வண்டிகள் இரண்டு. நால்வரும் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ஒருவர் பதுளை நகரில் வெல்டிங் பட்டறை நடத்துகிறார். ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். மற்றவர் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்து சலித்துத் திரும்பியவர். நான் பள்ளி ஆசிரியன். 2016 முதல் ஐந்து தடவை தலைமன்னாருக்குப் போய் வந்திருக்கிறோம்.

"கடல் பார்க்க வேண்டுமென்றால் மொனராகலை தாண்டினால் பொத்துவில் இருக்கிறதே! அதற்கு நானூறு கிலோமீட்டர் போக வேண்டுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கடல் மட்டும் எங்கள் நோக்கமாயிருந்தால் அவர்கள் சொல்வதே சரி. ஆனால் தலைமன்னார் எங்களுக்குக் கடற்கரையன்று. எங்கள் முன்னோர் இந்நாட்டுக்குள் கால் வைத்த வாசல். அவர்களில் பலர் வெளியேற்றப்பட்டதும் அதே வாசல் வழியாகத்தான்.

விடியுமுன் பதுளையை விட்டால் ஹாலிஎல, வெலிமடை, நுவரெலியா, கண்டி வழியாக மத்தியானத்தில் மாத்தளை சேரலாம். முத்துமாரியம்மன் கோயிலருகே வண்டியை நிறுத்தித் தேநீர் குடிப்பது வழக்கம். அங்கிருந்து வடக்கே தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி என்று நீளும் சாலையில் வண்டிகள் தாமாகவே வேகம் எடுக்கும். மலையின் வளைவுகளில் இரண்டாம் கியரிலேயே உழன்ற எங்களுக்கு அந்தச் சமவெளி ஒரு திருவிழா. பாட்டும் கேலியும் பந்தயமுமாகப் போவோம். நாங்கள் ஒன்றும் துறவிகள் அல்லர்.

ஆனால் அந்தச் சாலையின் பழைய கதையை அறிந்தவனுக்கு அந்த வேகம் சற்று உறுத்தத்தான் செய்யும். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம் முதல், ரயில் வரும்வரையில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தே வந்தார்கள். காய்ச்சலும் பேதியும் தாகமும் அவர்களை வழியெங்கும் வீழ்த்தின. விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை. நாங்கள் ஒரு பிற்பகலில் கடக்கும் தூரத்தை அவர்கள் பல நாட்கள் நடந்தார்கள். பிழைத்தவர்களின் உழைப்பால் முதலில் கோப்பியும், அது நோயில் அழிந்தபின் தேயிலையும் வளர்ந்தன.

மன்னார்ப் பாலத்தைக் கடந்ததும் காற்று மாறிவிடுகிறது. உப்பும் கருவாடும் கலந்த காற்று. தெருவில் கழுதைகள் சாவதானமாக நிற்கும். 2020இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைகள் தென்கரையில் வரிசையாகச் சுழலும். அதற்கப்பால் பனையும் மணலுமாக நீண்டு, ரயில் பாதை முடியும் இடத்தில் ஊரும் முடிகிறது. எதிரே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய இறங்குதுறை, துருவேறிய இரும்பும் சிதைந்த பலகையுமாகக் கிடக்கிறது. 1914இல் தனுஷ்கோடிக்கும் இவ்விடத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் அக்கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போயிற்று. 1980களில் உள்நாட்டுப் போர் மூண்டதோடு அதுவும் நின்றது. 1990இல் நின்ற ரயில் 2015இல்தான் மறுபடி இங்கு வந்தது.

முதல் தடவை நாங்கள் போனபோது, துறையருகே தேநீர்க் கடை வைத்திருந்த முதியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கேயிருந்து தம்பி?"

"பதுளை, ஐயா."

"தோட்டமா?"

"ஆமாம்."

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தக் காலத்தில் உங்கள் ஆட்கள் கோச்சியில் வந்து இறங்குவார்கள். கோச்சி வருமுன்னே அழுகுரல் வரும்."

மலையகத்தில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். பதுளை ரயில் நிலையத்திலும் அந்த அழுகை கேட்டது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைப் பங்கு போட்டது: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கிடப்பட்டவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

எங்கள் குடும்பமும் அந்தக் கணக்கில் இரண்டாகப் பிளந்தது. என் பாட்டனார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்தார். அவர் தம்பி இந்தியக் கடவுச்சீட்டுக்கு மனுச் செய்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். சின்னத் தாத்தா 1972இல் கப்பலேறிக் கூடலூர் சேர்ந்தார். அங்கேயும் கொழுந்துதான் பறித்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியிருந்தது. இங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரன் என்றார்கள். பத்துப் பதினோர் ஆண்டு நீல நிறக் கடிதங்கள் வந்தன, பிறகு நின்றுவிட்டன.

இந்த எல்லை கடலில் மட்டும் இருந்திருந்தால் கப்பலோடு அதுவும் முடிந்திருக்கும். அது லயத்தின் வாசல்படிவரை வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பயணம்தான் எங்களுக்கு உணர்த்தியது. ஒருமுறை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பட்டறை நண்பரின் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்த பொலிஸ்காரர், "தோட்டத்தின் பெயர் இருக்கிறது, பிரிவின் பெயர் இருக்கிறது, வீட்டு இலக்கம் எங்கே?" என்று கேட்டார். "எங்கள் லயத்துக்கு இலக்கம் இல்லை, ஐயா" என்று நண்பர் சிங்களத்தில் பதில் சொன்னார். பொலிஸ்காரர் கெட்டவரல்லர், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் என் நண்பரா?

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் கையில் அட்டை வந்தது. காலடி மண் வரவில்லை. இன்றும் எத்தனையோ தோட்டங்களில் கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் உரியவரை அடைகின்றன. நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் பெற்ற மாணவர்கள் என் வகுப்பில் படித்தவர்களே. ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் சிலருக்குக் கிடைத்தது. மிகப் பலர் இன்னும் லயத்தில்தான். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதே, அங்கிருந்தவர்கள் ஆபத்தை அறியாதவர்களா? முன்பே எச்சரிக்கை விடப்பட்ட இடந்தான் அது. எழுந்து போவதற்கு வேறொரு நிலம் சொந்தமாக இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

2022இல் நாங்கள் எங்கும் போகவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீட்டர் பெற்றோல் என்று பங்கிட்ட காலம் அது. மறு ஆண்டு, எம்மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை இறுதியில் புறப்பட்டு ஆகஸ்டில் முடிந்தது. மலையகத்தாரோடு வடக்குத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் சேர்ந்து நடந்தார்கள். நிலமும் வீடும் நியாயமான கூலியும் வேண்டும் என்று கேட்டார்கள். நாங்கள் விடுமுறை எடுத்து இரண்டு நாள் அவர்களோடு நடந்தோம். வண்டிகள் மதவாச்சியில் ஒரு நண்பர் வீட்டு முற்றத்தில் நின்றன. வேகமாகக் கடந்த சாலையைக் காலால் அளந்தபோதுதான் அதன் நீளம் தெரிந்தது.

அண்மையில் பட்டறை நண்பரின் தாயார் எங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். அவருடைய அக்காள் ஒப்பாரிக் கோச்சியில் போனவர். "அந்தத் துறையை ஒரு தடவை நானும் பார்க்கணும்" என்றார். எழுபது வயதுக்காரரை மோட்டார் சைக்கிளில் நானூறு கிலோமீட்டர் ஏற்றிச் செல்ல முடியாது. அடுத்த தடவை அவரை பஸ்ஸில் அழைத்துப் போவதென்று தீர்மானித்திருக்கிறோம். அக்காளிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தை அவர் இன்னும் வைத்திருக்கிறார். அதன் மேலே முகவரியாக எழுதியிருப்பது அவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும் மட்டுமே. அவர் பேரனுக்கு இன்று வரும் கடிதங்களிலும் அவ்வளவுதான் எழுதப்படுகிறது. அந்த மூன்றாவது வரிக்குக் கீழே ஒரு வீட்டு இலக்கமும், அந்த இலக்கத்துக்குரிய மண்ணுக்கு ஒரு உறுதிப் பத்திரமும் வரும்வரை, எங்களில் எவரும் அந்த இறங்குதுறையை முழுதாகக் கடந்து இந்நாட்டுக்குள் வந்துவிட்டதாகச் சொல்ல இயலாது.