தகட்டுக் கனம்

கருக்களாச்சேரியில் ஃபைபர் படகு இஞ்சின் பார்க்கும் அந்த மெக்கானிக், ஸ்பானரைத் தொடுவதற்கு முன் புகையைப் பார்க்கிறார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. நான் போயிருந்த காலையில் வந்த இஞ்சின் கரியாகக் கக்கியது.

ஒற்றை சிலிண்டர், சுமார் பத்துக் குதிரைச்சக்தி, நீளத் தண்டின் நுனியில் புரொப்பல்லர். சைலன்சரின் வாய் படகோட்டியின் முகத்துக்குப் பக்கத்தில். எதிர்காற்றில் புகை அவர் நெஞ்சுக்குள்தான் போகும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. இங்கே பேச்சு இழுவையைப் பற்றி மட்டுமே இருந்தது.

"மாமா, ஒரு ஷிம் எடுத்து விடுங்க. இழுவை பத்தல" என்றார் படகுக்காரர்.

டீசல் பம்புக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடுதான் ஷிம். ஒன்றை எடுத்தால் பம்ப் கேமுக்கு நெருங்கும். டீசல் சற்று முன்னதாகவே பாயும்; அது பாயும் நேரம்தான் டைமிங். பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு, இஞ்சின் சுற்றில் ஏறத்தாழ ஒரு டிகிரி. 3,000 சுற்றில் ஓடும் இஞ்சினில் ஒரு டிகிரி என்பது நொடியின் 18,000-இல் ஒரு பங்கு.

"நாசிலப் பாக்காம டைமிங்ல கை வைக்க மாட்டேன்டா" என்று மெக்கானிக், டீசலைத் தூவும் அந்த நாசிலைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினார். கைப்பிடியை அழுத்தினார். 200 பார் அளவில் கர்ரென்ற ஒலியோடு பனிபோல் தூவவேண்டியது, முன்னதாகவே திறந்து சொட்டியது. சொட்டாக விழும் டீசல் காற்றோடு கலப்பதில்லை. பாதி எரிந்து கரியாகிவிடும்.

புது நாசிலைப் போட்டபிறகுதான் டைமிங். டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, பம்பின் தலையில் வளைந்த குழாயைப் பொருத்தி, பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றினார். குழாயில் டீசல் ஒழுகியது, சொட்டானது, நின்றது. அந்த இடத்தில்தான் பாய்ச்சல் தொடங்குகிறது. பிளைவீல் கோடு கம்பெனிக் குறியோடு ஒத்திருந்தது. தகட்டில் குற்றமே இல்லை.

அவர் மறுத்ததன் நியாயம் எனக்கு இங்கேதான் பிடிபட்டது. டைமிங்கை முன்னே தள்ளினால் கரி குறையும், இழுவையும் கொஞ்சம் கூடலாம். ஆனால் சிலிண்டருக்குள் சேர்ந்துவிட்ட டீசல் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். சூடு ஏறும், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடாகும். பின்னே தள்ளினால் அந்த வாயு குறையும், கரியும் டீசல் செலவும் கூடும். மெக்கானிக் வாயுவைப் பற்றிப் பேசவில்லை. "டங்கு டங்குன்னு அடிக்கும், பேரிங் போயிடும்" என்றார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

இந்த இழுபறியில் பெரிய கம்பெனிகளே வழுக்கியிருக்கின்றன. 1998-இல் அமெரிக்க அரசு ஏழு லாரி இஞ்சின் தயாரிப்பாளர்களிடம் 8 கோடி டாலருக்கு மேல் அபராதம் வாங்கியது. சோதனையில் ஒழுங்காக நடந்துகொண்ட இஞ்சின் கம்ப்யூட்டர், நெடுஞ்சாலையில் டீசலை மிச்சம்பிடிக்க டைமிங்கை மாற்றிக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. நம் சாலை வண்டிகளுக்கு 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை வரம்பு வந்தது. கப்பல்களுக்கான மார்போல் ஒப்பந்தத்தின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்போ 130 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இஞ்சின்களுக்குத்தான். இந்தப் படகு இஞ்சின் எட்டுக் கிலோவாட்டைக்கூடத் தொடாது. ஆகவே இந்தக் கரையில் புகைக்கு அதிகாரி, இந்த மனிதரின் கண்ணும் காதும்தான். பெரிய சீர்திருத்தம் எதுவும் வருவதற்கு முன், ஊருக்கு ஒரு நாசில் டெஸ்டர் இருந்தாலே பாதிக் கரி அடங்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஷிம்மையே துடைத்துப் போட்டு, பம்பை முடுக்கி, ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தார். புகை வெளுத்து, பிறகு கண்ணுக்குப் படாமல் போனது.

படகுக்காரருக்குத் திருப்தியில்லை. "இழுவை?"

"புரொப்பல்லர் இலை மடங்கிக் கிடக்கு. மொதல்ல அதப் போய் நிமித்துடா."