சான்று எங்கே?

கற்றதை ஒப்புவிப்பதோடு கல்வி நிறைவடைவதில்லை. கற்றதைப் பிறர் சோதித்துப் பார்க்கும் வண்ணம் எழுதிவைப்பதும் கல்வியே. அதற்குரிய பொதுக் கரும்பலகையாக இன்று இணையம் அமைந்துள்ளது.

படிப்பவரே திருத்தி எழுதக்கூடிய இணையப் பக்கத்தை 1995ஆம் ஆண்டில் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம் உருவாக்கினார். 'விரைவு' எனப் பொருள்படும் அவாய் மொழிச் சொல்லைக் கொண்டு அதற்கு 'விக்கி' எனப் பெயரிட்டார். அவ்வழியில் 2001இல் ஆங்கில விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. அமீரகத்தில் பணியாற்றிய இலங்கைக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கக் காலத்தில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர்.

விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணை, முன்னாளில் பாளையமாக விளங்கிய ஊர். இந்நாளில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்றது. அவ்வூர் மாணவி ஒருத்தி, தன் ஊரைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுத முற்படுவதாகக் கொள்வோம். பாளையத்தின் வரலாற்றுக்கு நூல்கள் துணைநிற்கும். பாட்டி சொன்னதைக் கொண்டு பட்டாசுச் சரம் பின்னும் முறையை எழுதினாலோ, 'சான்று எங்கே?' என முகமறியாத ஒருவர் வினவுவார். தொழிலாளர் கைகளில் வாழும் அறிவு நூலேறாமல் இருப்பது அவள் குற்றமன்று. எனினும் விதி அனைவருக்கும் ஒன்றே.

அவ்வினாவே வகுப்பை ஒன்றுசேர்க்கும். ஒரு குழு முதியோரிடம் தொழிற்சொற்களைக் கேட்டுவரலாம். மற்றொரு குழு அவற்றை வேறு இருவரிடம் சரிபார்க்கலாம். அனைவரும் ஒரே கூகுள் ஆவணத்தில் தொகுக்கலாம். எவர் எதை எப்போது மாற்றினார் என்பதை அதன் திருத்த வரலாறு காட்டும். பேசியவர் இசைந்தால், அக்குரல் பதிவை விக்கிமீடியா பொதுவகத்தில் சேர்க்கலாம். இவ்வாறு நாளைய சான்றை இன்றைய வகுப்பே உருவாக்கத் தொடங்கும்.

பட்டாசு ஆலையில் விபத்து என்னும் செய்தி வரும் நாளில், இப்பயிற்சியின் அருமை விளங்கும். பழைய விபத்தின் படம் புதியதென வாட்ஸ்அப்பில் வலம்வரும். ஆலையின் பெயர் குழுவுக்குக் குழு மாறும். வேலைக்குச் சென்றவரை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் வீட்டாருக்கு ஒவ்வொரு பொய்ச்செய்தியும் ஓர் இடியாகும். படம் எப்போது எடுக்கப்பட்டது, செய்தியை நேரில் அறிந்தவர் யார் என வினவி, விடை கிடைக்காதபோது பகிராமல் நிறுத்தும் விரல், அவர்கள் நெஞ்சின் ஒரு சுமையையேனும் குறைக்கும்.

தன் கட்டுரைக்குச் சான்று கேட்கப்பட்டபோது வருந்திய மாணவி, ஊருக்காகத் தானே அவ்வினாவை எழுப்பும் நாளில் அப்பாடத்தை முழுமையாகக் கற்றவளாவாள்.