கைகளைப் பார்ப்பது

ஆம்பூரில் எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். அதில் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு சொல்: கடன், பிரசவம், வேலை, குடி. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்தபின் விளக்கருகே உட்கார்ந்து வரிசையாக வாசிப்பாள். அதுதான் அவள் ஜெபம். கண்ணீர் கிடையாது, குரல் உயராது. கணக்கப்பிள்ளை பேரேடு பார்ப்பது மாதிரி இருக்கும். எனக்கு அந்த வயதில் இது வறட்டுச் சடங்காகவே பட்டது. உணர்ச்சியில்லாமல் என்ன ஜெபம் என்று கேட்டேன். "உணர்ச்சி வரட்டும்னு உட்காந்திருந்தா ஒருத்தருக்கும் பண்ண மாட்டே" என்றாள்.

இதன் அர்த்தம் வெகுநாள் கழித்து, வேறு திசையிலிருந்து கிடைத்தது. பால் பிராண்ட் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. நோய் கெடுப்பது நரம்பை. விரல்கள் போவது வலி தெரியாததால் என்று அவரும் உடனிருந்தவர்களும் கண்டார்கள். துருப்பிடித்த பூட்டைத் திறந்த ஒரு பையனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது; அவனுக்குத் தெரியவில்லை. தூக்கத்தில் எலி கடித்ததும் சிலருக்குத் தெரியவில்லை. பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். அறுவையால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்கள். ஆனால் நிமிர்த்திய விரலைக் காப்பாற்றியது மிக அற்பமான ஒரு காரியம்: தினமும் கைகளையும் பாதங்களையும் கண்ணால் பார்த்துக்கொள்வது. நரம்பு சொல்லாததைக் கண் தேடிப் போகவேண்டும்.

அம்மா செய்ததும் இதுதான் என்று தோன்றுகிறது. அடுத்தவன் வலி நம் நரம்புக்கு வந்து சேர்வதில்லை. எல்லோரும் ஒரே சரீரத்தின் அவயவங்கள் என்று கோயிலில் கேட்கிறோம். மரத்துப்போன சரீரம் என்று யாரும் சொல்வதில்லை. கடவுள் அந்தப் பெயர்களைக் கேட்டாரா என்பதில் எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அம்மா கேட்டாள். காலையில் யார் வீட்டுக்குக் கஞ்சி போகவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் தெருவில் ஒருவர் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்து ஓய்ந்தவர். கைத்தோல் வெந்து வெந்து ஆறியது போலிருக்கும். பி.எஃப். பணத்துக்கு ஒரு மனு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். "எழுதித் தர்றேங்க, ஜெபமும் பண்றேன்" என்றேன். இரண்டையும் செய்யவில்லை. எங்கள் மத்தியில் 'ஜெபம் பண்றேன்' என்பது பல சமயம் விடைபெறும் வார்த்தை. நாலு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தார். மனுவைப் பற்றிப் பேசவில்லை. "நீங்க ஜெபிக்கிறீங்க தம்பி, அதுலதான் ஓடுது" என்றார். கேலியில்லை. நம்பித்தான் சொன்னார்.

அன்றிரவு மனுவை எழுதினேன். அரைமணி நேர வேலை. கொஞ்சத்தில் உண்மையாயிருப்பது பற்றி லூக்கா 16ஆம் அதிகாரத்தை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் என்பது அரைமணி நேரம் என்று அன்றுதான் தெரிந்தது.

அம்மா போனபின் நோட்டு என்னிடம் வந்தது. அவர் பெயர் அதில் இருந்தது. எதிரே, 'மனு'.

தினமும் வாசிக்கிறேன் என்று சொல்லமாட்டேன். வாசிக்காத இரவுகளில் எனக்கு எதுவும் வலிப்பதில்லை. பயமாயிருப்பது அதுதான்.